பிறந்த வீடும் புகுந்த வீடும்: போர்ப்படங்களின் பின்னணி இசை பற்றிய வாசகர் கேள்விகள்

போர்ப்படங்களில் கேட்டு மனத்தில் பதிந்துபோன இசை முதலில் எங்கே, யாரால், எதற்காக எழுதப்பட்டது என்று கேட்டு வந்த கடிதங்களை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரே செய்தியைக் கேட்டவர்களின் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: ‘பிளாட்டூன்’ படத்தில் சார்ஜண்ட் எலயஸ் இரு கைகளையும் வானத்தை நோக்கி உயர்த்தியபடி விழும் காட்சியில் வருகிற வயலின் இசை, அந்தப் படத்துக்கென்றே எழுதப்பட்டதா? அது ஒரு தேவாலயப் பிரார்த்தனை என்று என் நண்பர் வாதிடுகிறார்.

பதில்: படத்துக்காக எழுதப்பட்டதன்று. படம் வெளிவந்தது 1986இல். இசை எழுதப்பட்டது அதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன், 1936இல். எழுதியவர் சாமுவேல் பார்பர் என்ற அமெரிக்கர். அப்போது அவருக்கு வயது 26. அந்தக் கோடையை ஐரோப்பாவில் கழித்துக்கொண்டிருந்த அவர், இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ என்ற நால்வர் குழுவுக்காக ஓர் இசைப்படைப்பை எழுதினார். அதன் இரண்டாவது பகுதியே, பின்னர் பெரிய தந்திக்கருவிக் குழுவுக்காக விரித்து எழுதப்பட்டு, ‘அடாஜியோ ஃபார் ஸ்ட்ரிங்ஸ்’ என்ற பெயரில் தனி வாழ்வு பெற்றது. எழுதிய வேளையில் அதற்குப் போரோடும் தொடர்பில்லை, சாவோடும் தொடர்பில்லை.

1938 நவம்பர் 5 அன்று நியூயார்க்கின் என்பிசி வானொலிக் கலையகத்தில் ஆர்த்துரோ டோஸ்கனினி என்ற புகழ்பெற்ற இசைநடத்துநர் தம் குழுவை அதை வாசிக்கச் செய்தார். அமெரிக்க இசையமைப்பாளர்களின் படைப்புகளை அவர் அரிதாகவே எடுத்துக்கொள்வார் என்பதால், அந்த ஓர் ஒலிபரப்பே இளைஞர் பார்பருக்குப் பெரிய அங்கீகாரமாயிற்று. முதலில் அனுப்பிய சுரத்தாள்கள் ஒரு சொல்லும் எழுதப்படாமல் திரும்பி வந்ததில் பார்பர் மனம் சுளித்தார் என்றும், டோஸ்கனினி அதற்குள் முழுவதையும் மனப்பாடம் செய்துவிட்டதால்தான் தாள்கள் திரும்பின என்பது பிறகு தெரிய வந்தது என்றும் சொல்வார்கள்.

துயரத்தின் முத்திரை அதன்மேல் விழுந்தது 1945 ஏப்ரலில். அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் காலமான செய்தியை அடுத்து வானொலியில் இந்த இசை ஒலித்தது. அன்று தொடங்கிப் பொது இரங்கல் என்றாலே அங்கு இதை நாடுவது வழக்கமாகிவிட்டது. உங்கள் நண்பரின் வாதத்திலும் உண்மை உண்டு. 1967இல் பார்பரே இந்த இசைக்கு ‘அக்னுஸ் டெய்’ என்ற லத்தீன் வழிபாட்டு வரிகளைப் பொருத்திச் சேர்ந்திசைப் பாடலாக்கினார். ஆனால் வரிகள் வந்தது பின்னால், இசைதான் முன்னால்.

இது ஏன் நெஞ்சைப் பிடிக்கிறது என்பதற்கு இசையின் அமைப்பிலேயே விடை இருக்கிறது. மெட்டு தாவுவதில்லை, பெரும்பாலும் பக்கத்துச் சுரத்துக்கே நகர்ந்து, நீண்ட கார்வைகளில் நின்று நின்று, படிப்படியாக ஏறுகிறது. தாளத்தை விரலில் எண்ணிப் பிடிக்க முடியாதபடி அளவுகள் நீட்டப்பட்டிருக்கின்றன. ஏறி ஏறி வயலின்கள் தாங்கமுடியாத உச்சத்தைத் தொட்டதும் சட்டென்று ஓர் இடைவெளி. பிறகு தொடங்கிய இடத்துக்கே தணிந்து வருகிறது. முரசு இல்லை, எக்காளம் இல்லை. வெற்றி என்ற சொல்லுக்கு இந்த இசையில் இடமே கிடையாது என்பதால்தான், வியட்நாமில் தாமே போர்வீரராக இருந்து திரும்பிய இயக்குநர் ஆலிவர் ஸ்டோனுக்கு இது பொருந்தியிருக்க வேண்டும்.

இதில் ஒரு தொழில் நுணுக்கத்தையும் சொல்ல வேண்டும். படத்தொகுப்பு நடக்கும்போது, இசையமைப்பாளர் வேலையைத் தொடங்குவதற்கு முன்பே, கையில் கிடைத்த இசைத்தட்டு ஒன்றைக் காட்சியின்மேல் போட்டுப் பார்ப்பது இயக்குநர்களின் வழக்கம். திரைத்துறையில் இதை ‘டெம்ப் டிராக்’ என்பார்கள். வாரக்கணக்கில் அதே இசையோடு காட்சியைப் பார்த்துப் பழகிய காதுக்கு, பிறகு வருகிற புது இசை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்நியமாகவே படும். கடன் வாங்கிய இசை படத்திலேயே தங்கிவிடுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். ‘பிளாட்டூன்’ படத்துக்கு இசையமைப்பாளராக இருந்தவர் ஜார்ஜ் டெலரூ என்ற புகழ்பெற்ற பிரெஞ்சுக்காரர். ஆயினும் படத்தின் உயிரான இடங்களிலெல்லாம் பார்பரின் இசைதான் நிற்கிறது. என்னைக் கேட்டால், அந்தப் படம் இந்த இசையைத் தேவைக்கு மேல் திரும்பத் திரும்ப எடுத்தாள்கிறது. எலயஸ் விழும் ஓர் இடத்துக்கு மட்டும் வைத்திருந்தால் வலிமை இன்னும் கூடியிருக்கும்.

கேள்வி: ‘அபோகாலிப்ஸ் நவ்’ படத்தின் ஹெலிகாப்டர் தாக்குதலில் ஒலிக்கும் வாக்னர் இசை, ஹிட்லருக்காக எழுதப்பட்டது என்று படித்தேன். உண்மையா?

பதில்: காலக்கணக்கே இடிக்கிறது. ரிச்சர்ட் வாக்னர் 1883இல் இறந்தார். ஹிட்லர் பிறந்தது 1889இல். வாக்னரின் யூத வெறுப்பு அவரே எழுதி வெளியிட்ட கட்டுரையால் உறுதிப்பட்ட செய்தி; ஹிட்லர் அவருடைய இசையின் பெரும் ரசிகர் என்பதும் உண்மை. ஆனால் இந்த இசை பிறந்தது வேறு இடத்தில்.

‘ரைட் ஆஃப் த வால்கிரீஸ்’ என்று அழைக்கப்படும் இந்தப் பகுதி, வாக்னரின் ‘டி வால்க்யூரே’ என்ற இசைநாடகத்தின் மூன்றாம் அங்கத் தொடக்கம். 1856இல் எழுதி முடிக்கப்பட்ட அந்த நாடகம் 1870இல் மியூனிக் நகரில் முதன்முதலாக மேடையேறியது. வடபுலத்துத் தொன்மக் கதைகளில் வால்கிரீகள் என்போர், போர்க்களத்தின்மேல் குதிரையில் பறந்து, மாண்ட வீரர்களில் தேர்ந்தெடுத்தவர்களை வால்ஹல்லா என்ற மண்டபத்துக்குக் கொண்டுசெல்லும் கன்னியர். மேடையில் அவர்கள் உற்சாகக் குரலெழுப்பிப் பாடும்போது அவர்களுடைய சேணங்களில் பிணங்கள் கிடக்கின்றன. இந்த இதழின் கேள்விகளில் வருகிற மற்ற இசைகளில் பெரும்பாலானவை போருக்குச் சம்பந்தமில்லாமல் பிறந்து போர்ப்படத்துக்கு வாழ்க்கைப்பட்டவை. இது மட்டும் வானில் பறப்பதும் மனிதர் மடிவதுமாகிய அதே காட்சிக்கென்றே எழுதப்பட்டது. ஹெலிகாப்டர்களோடு அது இவ்வளவு இயல்பாகச் சேர்ந்துகொண்டதில் வியப்பில்லை.

1979இல் படத்தின் இயக்குநர் கொப்போலா இதைக் கையாள்வதற்கு முன்பே திரையில் இதற்கு ஒரு கறைபடிந்த வரலாறு இருந்தது. 1915இல் வந்த ‘த பர்த் ஆஃப் எ நேஷன்’ என்ற மௌனப் படத்தில், வெள்ளை அங்கியணிந்த கூ க்ளக்ஸ் க்ளான் கூட்டத்தார் குதிரையேறிப் பாயும் காட்சிக்கு, அரங்கில் அமர்ந்திருந்த வாத்தியக் குழுவினர் இதைத்தான் வாசித்தார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியச் செய்திப்படங்களும் தங்கள் வான்படையின் பெருமையைக் காட்ட இதை எடுத்துக்கொண்டன. அந்த வரலாறு தெரிந்த பார்வையாளருக்கு, அமெரிக்க அதிகாரி ஒருவர் அதையே ஒலிபெருக்கியில் போடும்போது யாருடைய வரிசையில் அவர் போய் நிற்கிறார் என்பது சொல்லாமலே விளங்கும்.

அந்தக் காட்சியில் என்னைக் கவர்வது வேறொன்று. இசை வெளியிலிருந்து வந்து காட்சியின்மேல் பூசப்படவில்லை; கில்கோர் என்ற கர்னல், எதிரியை அச்சுறுத்துவதற்காகத் தானே ஒலிநாடாவை ஓடவிடச் சொல்கிறார். ஆகவே ஒலியமைப்பாளர் வால்டர் மர்ச்சுக்கு அதை ஓர் ஒலிபெருக்கியின் ஒலியாக நடத்த முடிந்தது. ஹெலிகாப்டருக்குள் அது முழங்குகிறது. அடுத்த நொடியில் காட்சி ஒரு கிராமத்துப் பள்ளி முற்றத்துக்குத் தாவ, அங்கே இசை அறவே இல்லை. பிறகு தொலைவிலிருந்து மெல்ல மெல்ல அது நெருங்கி வருவதை, தாக்கப்படப்போகிறவர்களின் காதால் நாம் கேட்கிறோம். படத்தில் ஒலிப்பது ஜார்ஜ் சோல்டி நடத்திய வியன்னா ஃபில்ஹார்மானிக் குழுவின் பதிவு.

இவ்வளவு கசப்போடு அமைத்த காட்சியையும் மக்கள் தங்கள் விருப்பப்படிதான் எடுத்துக்கொள்கிறார்கள். 2005இல் வந்த ‘ஜார்ஹெட்’ படத்தில், வளைகுடாப் போருக்குப் புறப்படவிருக்கும் இளம் வீரர்கள் திரையரங்கில் இதே காட்சியைப் பார்த்துக்கொண்டு, மெட்டைக் கூடவே பாடி ஆர்ப்பரிப்பதாக ஓர் இடம் வருகிறது. போருக்கு எதிரான படம் என்று ஒன்றை எடுக்கவே முடியுமா என்று ஐயுறுகிறவர்களுக்கு அதைவிட நல்ல சான்று கிடைக்காது.

கேள்வி: ‘த பிரிட்ஜ் ஆன் த ரிவர் க்வாய்’ படத்தில் கைதிகள் சீட்டியடித்தபடி நடந்து வருகிற மெட்டு, பிரிட்டிஷ் ராணுவத்தின் அதிகாரபூர்வ இசையா? ஏன் பாடாமல் சீட்டியடிக்கிறார்கள்?

பதில்: அந்த மெட்டின் பெயர் ‘கர்னல் போகி மார்ச்’. 1914இல் எழுதியவர் ஃப்ரெடரிக் ஜோசப் ரிக்கெட்ஸ் என்ற படைத்துறை பேண்டு மாஸ்டர். ராணுவப் பணியில் இருப்பவர்கள் வெளியே தொழில் செய்வது அக்காலத்தில் விரும்பப்படாததால், தம் இசையையெல்லாம் அவர் கென்னத் ஆல்ஃபர்ட் என்ற புனைபெயரில் வெளியிட்டார். ஸ்காட்லாந்தின் ஃபோர்ட் ஜார்ஜ் கோட்டையில் அவருடைய படைப்பிரிவு இருந்தபோது, பக்கத்துக் கோல்ஃப் மைதானத்தில் ஒருவர், பந்து வருகிறது என்று கத்தி எச்சரிப்பதற்குப் பதிலாக இரண்டு சுரங்களைச் சீட்டியடிப்பாராம். மேலிருந்து கீழே இறங்கும் அந்த இரண்டு சுரங்களிலிருந்துதான் இந்த மெட்டின் தொடக்கம் பிறந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. ‘போகி’ என்பதும் கோல்ஃப் ஆட்டத்தின் சொல்லே.

சீட்டிக்குக் காரணம் மானப் பிரச்சினை. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் வீரர்கள் இந்த மெட்டில் ஹிட்லரையும் அவருடைய கூட்டாளிகளையும் உடற்குறை சொல்லி எள்ளும் வரிகளைப் பாடினார்கள். 1957இல் ஒரு குடும்பப் படத்தில் அந்த வரிகளைப் பாடவைக்க வழியில்லை. சீட்டியடித்தாலோ, தணிக்கையாளரால் ஒன்றும் செய்ய முடியாது. போரை நேரில் கண்ட தலைமுறையோ கேட்டவுடனே சொற்களை மனத்துக்குள் நிரப்பிக்கொள்ளும். இயக்குநர் டேவிட் லீன் எடுத்த முடிவுகளில் இதைவிடச் சிக்கனமானதும் குறும்பானதும் வேறில்லை என்பேன்.

படத்தின் இசையமைப்பாளர் மால்கம் ஆர்னல்டு அந்தச் சீட்டியோடு கூடவே ஒலிக்கும்படி தம்முடைய அணிவகுப்பு மெட்டு ஒன்றைப் புதிதாக எழுதி இணைத்தார். ‘ரிவர் க்வாய் மார்ச்’ என்பது உண்மையில் அதன் பெயர். இரண்டும் பின்னிக்கொண்டதால் பலரும் சீட்டி மெட்டையே அந்தப் பெயரால் அழைக்கிறார்கள். ஆர்னல்டுக்கு அந்த இசைக்காக ஆஸ்கார் விருது கிடைத்தது. ரிக்கெட்ஸ் 1945இலேயே இறந்துவிட்டதால் தம் மெட்டுக்கு வந்த புகழை அவர் பார்க்கவில்லை.

ஒரு செய்தியை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. படம் எடுக்கப்பட்டது இலங்கையின் கித்துல்கல பகுதியில். கதை நடப்பதோ 1942–43இல் ஜப்பானியர் அமைத்த 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்–பர்மா ரயில் பாதையில். அங்கு நேசநாட்டுப் போர்க்கைதிகள் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களைவிடப் பன்மடங்கு அதிகமாக மாண்ட ஆசியத் தொழிலாளர்களில், மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் பல்லாயிரம் பேர். அந்த மரண ரயிலின் கதையை உலகுக்கு அறிமுகப்படுத்திய படத்தில் அவர்களுக்கு ஒரு மூலைகூடக் கிடைக்கவில்லை.

கேள்வி: ‘த டீர் ஹன்டர்’ படத்தின் கிட்டார் இசை, ‘ஸ்டார் வார்ஸ்’ புகழ் ஜான் வில்லியம்ஸ் அமைத்ததா?

பதில்: பெயர் ஒற்றுமையால் வந்த குழப்பம். வாசித்தவர் ஜான் வில்லியம்ஸ் என்பது சரி. ஆனால் அவர் ஆஸ்திரேலியாவில் பிறந்த கிட்டார் கலைஞர், வேறு ஆள். இசையமைத்தவர் ஸ்டான்லி மயர்ஸ். ‘கவட்டினா’ என்ற அந்த இசை 1970இல் வந்த ‘த வாக்கிங் ஸ்டிக்’ என்ற படத்தில் முதலில் இடம்பெற்றது. அது போர்ப்படமே அன்று. எட்டாண்டு கழித்து ‘த டீர் ஹன்டர்’ வந்த பிறகு, அதன் முந்தைய வீட்டை எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

கேள்வி: ‘கலிபோலி’ படத்தில் வரும் ஆல்பினோனியின் ‘அடாஜியோ’ முன்னூறு ஆண்டு பழமையான இசை என்கிறார்களே?

பதில்: முன்னூறு ஆண்டு என்று நம்பித்தான் உலகம் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. உண்மையில் அது 1958இல் அச்சேறிய இசை.

தொமாசோ ஆல்பினோனி 1671 முதல் 1751 வரை வாழ்ந்த வெனிஸ் நகரத்து இசையமைப்பாளர். அவருடைய வாழ்க்கையை ஆராய்ந்த ரெமோ ஜியாசொட்டோ என்ற இத்தாலிய அறிஞர், இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்கு ஆளான டிரெஸ்டன் நகர நூலகத்தின் சேகரத்திலிருந்து ஆல்பினோனியின் கையெழுத்துத் துண்டு ஒன்று தமக்குக் கிடைத்ததாகவும், அதில் அடித்தளச் சுரவரிசையும் மெட்டின் சில துளிகளும் மட்டுமே இருந்ததாகவும், மீதியைத் தாம் நிரப்பியதாகவும் அறிவித்தார். அந்த மூலத்தாளை அவர் யார் கண்ணிலும் காட்டவில்லை. காலப்போக்கில் அவரே அது தம் சொந்தப் படைப்பு என்று சொல்லலானார். இசையைக் கூர்ந்து கேட்டாலும் அப்படித்தான் தோன்றுகிறது. அந்த ஏக்கமும், மெல்லப் பெருகி உடைகிற உணர்ச்சிப் பெருக்கும் பதினெட்டாம் நூற்றாண்டு வெனிஸுக்குரியவை அல்ல. பத்தொன்பதாம், இருபதாம் நூற்றாண்டுகளைக் கடந்து வந்த ஒருவரின் கைவண்ணம் அதில் தெளிவாகவே இருக்கிறது.

1981இல் இயக்குநர் பீட்டர் வியர், 1915ஆம் ஆண்டின் துருக்கிக் கடற்கரைப் போரில் மடிந்த ஆஸ்திரேலிய இளைஞர்களின் கதைக்கு இதை எடுத்துக்கொண்டார். பழமையின் சாயல் அவருக்குத் தேவைப்பட்டது. அந்தச் சாயல் போலி என்பதால் படத்துக்கு ஒரு குறையும் நேரவில்லை. அதே படத்தில் ஜான் மிஷேல் ஜாரின் மின்னணு இசையும், வீரன் ஓடும் காட்சிகளில் வருகிறது. அதுதான் எனக்கு இன்னமும் ஒட்டாமல் உறுத்துகிறது.

கேள்வி: ‘த டேம் பஸ்டர்ஸ்’ அணிவகுப்பு இசை, படத்தைப் பார்த்துவிட்டு எழுதியதுபோல் அவ்வளவு பொருத்தமாக இருக்கிறதே?

பதில்: அதை எழுதிய பிரிட்டிஷ் இசையமைப்பாளர் எரிக் கோட்ஸ் படத்துக்கு இசையமைப்பதை விரும்பாதவர். 1955இல் வெளிவந்த அந்தப் படத்துக்காக ஓர் அணிவகுப்பு இசை கேட்டு அவரை அணுகியபோது, அண்மையில்தான் எழுதி முடித்திருந்த ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டார். படத்தின் மற்ற பின்னணி இசையை எழுதியவர் லெய்டன் லூகாஸ் என்பது பலருக்கும் தெரியாது. 1943 மே மாதத்தில் ஜெர்மனியின் அணைகளைத் தகர்க்கப் பத்தொன்பது லங்காஸ்டர் விமானங்கள் புறப்பட்டு எட்டு திரும்பாமற்போன இரவின் கதை அது. கோட்ஸின் மெட்டில் பெருமிதம் மட்டுமே இருக்கிறது. இழப்பைப் படத்தின் இறுதிக் காட்சியில் இருவர் பேசிக்கொள்ளும் சொற்களே சுமக்கின்றன.

கேள்வி: ‘டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்’ படத்தில் அணுகுண்டு விமானம் பறக்கும்போதெல்லாம் வரும் மெட்டு எது?

பதில்: ‘வென் ஜானி கம்ஸ் மார்ச்சிங் ஹோம்’ என்ற அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலப் பாடல். அயர்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் படைத்துறை பேண்டு நடத்திய பேட்ரிக் கில்மோர், 1863இல் லூயி லாம்பர்ட் என்ற பெயரில் அதை வெளியிட்டார். போர் முடிந்து வீடு திரும்புகிற வீரனை ஊரே கூடி வரவேற்கும் பாட்டு. திரும்பிவரப் போவதில்லை என்று நமக்குத் தெரிந்த விமானத்துக்கு அதைப் பொருத்தியதில்தான் இயக்குநர் குப்ரிக்கின் நஞ்சு இருக்கிறது.

கேள்வி: ராணுவ அடக்கங்களில் ஊதப்படும் ‘டாப்ஸ்’ என்ற ஊதுகொம்பு இசை பல படங்களில் வருகிறது. எதிர்ப்படையில் இருந்த தன் மகனின் பிணத்தைக் கண்டெடுத்த ஒரு தளபதி, மகனின் சட்டைப் பையில் இருந்த காகிதத்தில் அந்தச் சுரங்களைக் கண்டார் என்பது மெய்யா?

பதில்: உருக்கமான கதை, ஆனால் கட்டுக்கதை. அதில் பெயர் சொல்லப்படும் தளபதி அந்தப் படையில் இருந்ததற்கான பதிவே கிடையாது.

நடந்தது இதுதான். 1862 ஜூலையில், உள்நாட்டுப் போரின் நடுவே, வர்ஜீனியாவின் ஹாரிசன்ஸ் லாண்டிங் என்ற முகாமில் டேனியல் பட்டர்ஃபீல்ட் என்ற பிரிகேடியர் ஜெனரல் இருந்தார். இரவில் விளக்கணைக்கச் சொல்லி ஊதப்பட்ட அழைப்பு அவருக்குப் பிடிக்கவில்லை. அது மிகவும் விறைப்பாக இருந்ததாம். ஆலிவர் நார்ட்டன் என்ற பியூகிள் வீரரை வரவழைத்து, சில சுரங்களை நீட்டியும் சிலவற்றைக் குறைத்தும் ஊதச் சொல்லி இந்த வடிவத்துக்குக் கொண்டுவந்தார். முற்றிலும் புதிதாக அவர் ஆக்கவில்லை, முன்பு வழக்கில் இருந்த ஒரு மாலை அழைப்பின் கடைசிப் பகுதியைத்தான் திருத்தினார் என்று பின்னாளில் ஆராய்ந்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். மொத்தம் 24 சுரங்கள்; பியூகிளில் விசைகள் கிடையாதாகையால் உதட்டின் இறுக்கத்தாலேயே எடுக்கக்கூடிய வெவ்வேறு சுரங்கள் நான்கு மட்டுமே அதில் பயன்படுகின்றன.

தூங்கப்போகச் சொல்லும் அழைப்பு அடக்க இசையானதற்கும் ஒரு நடைமுறைக் காரணம் சொல்லப்படுகிறது. இறந்த வீரரைப் புதைக்கும்போது வழக்கப்படி மூன்று முறை துப்பாக்கி முழக்கினால், அருகிலிருந்த எதிரிகள் போர் தொடங்கிவிட்டது என்று எண்ணக்கூடும் என்பதால், ஓர் அதிகாரி முழக்கத்துக்குப் பதிலாக இதை ஊதச் செய்தார். திரையில் இதற்குச் சிறந்த இடம் 1953இல் வந்த ‘ஃப்ரம் ஹியர் டு எடர்னிட்டி’. மாண்டுபோன நண்பனுக்காக மான்ட்கோமரி கிளிஃப்ட் கண்ணீர் வழிய ஊதும் அந்தக் காட்சியில் வேறு இசையே கிடையாது.

கேள்வி: ‘டன்கர்க்’ படத்தில் ஓயாமல் ஏறிக்கொண்டே போவதுபோல் ஓர் ஒலி வருகிறதே, அது எப்படி முடிகிறது? படத்தின் இறுதியில் வரும் அமைதியான மெட்டு எங்கோ கேட்டதுபோல் இருக்கிறது.

பதில்: முதலாவது ஒரு செவிமயக்கம். ரோஜர் ஷெப்பர்டு என்ற உளவியலாளர் 1964இல் விவரித்ததால் ‘ஷெப்பர்டு டோன்’ எனப்படுகிறது. ஒரே சுரத்தின் வெவ்வேறு ஸ்தாயிகளைச் சேர்த்து ஒலிக்கவிட்டு, எல்லாவற்றையும் ஒருசேர மேலே நகர்த்த வேண்டும். மேல்ஸ்தாயியில் இருப்பது மெல்ல மங்கி மறையும். அதே வேகத்தில் கீழ்ஸ்தாயியில் ஒன்று மெல்லத் தோன்றும். எது போயிற்று, எது வந்தது என்று காதால் பிரித்தறிய முடியாததால், ஒலி முடிவேயில்லாமல் ஏறுவதாக மூளை எண்ணிக்கொள்கிறது. படத்தின் இயக்குநர் கிறிஸ்டோபர் நோலன் இந்த மயக்கத்தைக் கதையமைப்புக்கே பயன்படுத்தியதாகச் சொல்லியிருக்கிறார். கரை, கடல், வானம் ஆகிய மூன்று இழைகளும் மாறி மாறிப் பதற்றத்தை ஏற்றுவது அப்படித்தான். உடன் கேட்கும் டிக் டிக் ஒலி, நோலன் தம்முடைய கைக்கடிகாரம் ஒன்றிலிருந்து பதிவு செய்து இசையமைப்பாளர் ஹான்ஸ் ஸிம்மருக்கு அனுப்பியது.

இரண்டாவது, எட்வர்டு எல்கர் 1899இல் எழுதிய ‘எனிக்மா வேரியேஷன்ஸ்’ தொகுப்பின் ‘நிம்ராட்’ என்ற பகுதி. அதிலும் போர் இல்லை. மனச்சோர்வில் எழுதுவதையே விட்டுவிட எண்ணிய எல்கரை, பேத்தோவனின் துன்பங்களை எடுத்துச் சொல்லித் தேற்றிய ஜேகர் என்ற நண்பருக்கான நன்றியறிதல் அது. பிற்காலத்தில் லண்டனில் போர்வீரர் நினைவுச் சின்னத்தின் முன் ஆண்டுதோறும் நடக்கும் அஞ்சலியில் அது வாசிக்கப்பட்டு வந்ததால், பிரிட்டிஷ் காதில் அதற்குப் போர் நினைவு ஒட்டிக்கொண்டது. படத்தில் அது இயல்பைவிட மிக மெதுவாக இழுக்கப்பட்டிருப்பதால்தான் எங்கோ கேட்டதுபோல் மட்டும் தோன்றி, சட்டென்று அடையாளம் பிடிபடாமல் போகிறது. எல்கர் எழுதிய வேரியேஷன்கள், அதாவது ஒரே மெட்டின் மாற்று வடிவங்கள், பதினான்கு என்பதால், பெஞ்சமின் வால்ஃபிஷ் என்ற இசையமைப்பாளர் கைவைத்த இந்த வடிவத்துக்கு ‘வேரியேஷன் 15’ என்று பெயரிட்டார்கள்.

கேள்வி: ‘கம் அண்ட் சீ’ என்ற ரஷ்யப் படத்தின் முடிவில் வருவது மொட்சார்ட்டா?

பதில்: ஆம், இறந்தோருக்கான வழிபாட்டு இசையாக அவர் எழுதிய ‘ரெக்குயம்’ படைப்பின் ‘லக்ரிமோசா’ என்ற பகுதி. 1791இல் மொட்சார்ட் இறந்தபோது அந்தப் பகுதியில் முதல் எட்டுத் தாள அளவுகளைத்தான் எழுதியிருந்தார். மீதியை முடித்துக் கொடுத்தவர் அவரிடம் பயின்ற ஜூஸ்மாயர்.

கேள்வி: கடன் வாங்காமல், படக்காட்சியோடு சேர்ந்தே பிறந்த போர் இசை என்று எதைச் சொல்வீர்கள்?

பதில்: பலவற்றைச் சொல்லலாம் என்றாலும், 1938இல் சோவியத் இயக்குநர் ஐஸன்ஸ்டைன் எடுத்த ‘அலெக்சாண்டர் நெவ்ஸ்கி’ படத்துக்கு இசையமைப்பாளர் புரோகோஃபியேவ் எழுதிய இசைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. 1242இல் உறைந்த ஏரியின்மேல் ரஷ்யர்களும் ஜெர்மானிய வீரத்துறவிகளும் மோதிய போர் அதன் உச்சக் காட்சி. சில இடங்களில் தொகுத்து முடித்த காட்சியைப் பார்த்து இசையமைப்பாளர் எழுதினார். வேறு சில இடங்களில் எழுதி முடித்த இசைக்கேற்ப இயக்குநர் காட்சியைத் தொகுத்தார். எதிரிப்படையின் கொம்புகள் ரஷ்யக் காதுக்கு அருவருப்பாக ஒலிக்க வேண்டும் என்று, புரோகோஃபியேவ் அவற்றை ஒலிவாங்கிக்கு நேர் எதிரே வைத்து ஊதச் செய்து, பதிவு கரகரத்துச் சிதையும்படி செய்தார். ஒலிப்பதிவின் பழுதையே ஒரு வாத்தியமாக்கியது அந்தக் காலத்துக்குத் துணிச்சலான காரியம்.

அரசியல் அந்தப் படத்தைப் படுத்தியபாடு தனிக்கதை. 1939 ஆகஸ்டில் ஸ்டாலினும் ஹிட்லரும் உடன்படிக்கை செய்துகொண்டதும், ஜெர்மானியரைக் கொடியவராகக் காட்டிய படம் திரையரங்குகளிலிருந்து மறைந்தது. 1941 ஜூனில் ஹிட்லர் படையெடுத்ததும் மீண்டும் ஓடத் தொடங்கியது. இசைக்கு அந்தத் தடை நேரவில்லை. 1939இலேயே புரோகோஃபியேவ் அதைச் சேர்ந்திசைப் படைப்பாகத் திருத்தி எழுதிவிட்டதால், படத்தைப் பார்க்காதவர்களும் அதை அரங்கில் கேட்டு வருகிறார்கள்.

கேள்வி: ‘பேட்டில் ஆஃப் பிரிட்டன்’ படத்தின் பெயர்ப்பட்டியலில் இசைக்கு இரண்டு பெயர்கள் இருக்கின்றனவே? இருவரும் சேர்ந்து அமைத்தார்களா?

பதில்: சேர்ந்து அமைக்கவில்லை, ஒருவரை நீக்கிவிட்டு மற்றவரைக் கொண்டுவந்தார்கள். 1969இல் வந்த அந்தப் படத்துக்கு முதலில் இசையமைத்தவர் சர் வில்லியம் வால்டன். 1942இல், போர் நடந்துகொண்டிருந்தபோதே, ஸ்பிட்ஃபயர் என்ற பிரிட்டிஷ் போர் விமானத்தை வடிவமைத்தவரைப் பற்றிய படத்துக்கு இசை எழுதிப் புகழ்பெற்றவர் அவர். ஆகவே பொருத்தமான தேர்வுதான். ஆனால் அவர் எழுதிக் கொடுத்தது அளவில் குறைவு. அக்காலத்தில் படத்தோடு இசைத்தட்டும் விற்க வேண்டும்; ஒரு முழு இசைத்தட்டை நிரப்ப அது போதாது என்று படநிறுவனம் அதை ஒதுக்கிவிட்டு, ரான் கூட்வினைப் புதிதாக எழுதச் சொன்னது. வால்டனின் நெடுநாள் நண்பரும் படத்தில் நடித்தவருமான லாரன்ஸ் ஒலிவியே, வால்டனின் இசை அறவே போய்விட்டால் தம் பெயரையும் எடுத்துவிடுங்கள் என்று பிடிவாதம் பிடித்ததால், ‘பேட்டில் இன் த ஏர்’ என்ற ஒரு பகுதி மட்டும் தப்பித்தது.

அது தப்பித்தது நம் நற்பேறு. விமானங்களின் இரைச்சலும் துப்பாக்கிச் சத்தமும் மெல்ல அடங்கி, இசை மட்டுமே ஒலிக்க, மேகங்களுக்கிடையே விமானங்கள் சுழன்று எரிந்து விழும் அந்த நீண்ட காட்சி வால்டனுடையது. அதற்காகக் கூட்வினைத் தாழ்த்திப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. தொடக்கத்தில் ஜெர்மானிய வான்படைக்கு அவர் எழுதிய அணிவகுப்பு, தோல்வியை அறியாதவர்களின் மிடுக்கை ஒரு சொல்லும் பேசாமல் காட்டிவிடுகிறது. ஒதுக்கப்பட்ட வால்டனின் ஒலிநாடாக்கள் தொலைந்துவிட்டன என்று நெடுங்காலம் நம்பப்பட்டு, ஒலிப்பதிவாளரின் வீட்டிலிருந்து பிறகு கண்டெடுக்கப்பட்டன. பின்னாளில் வெளிவந்த டிவிடி பதிப்பு ஒன்றில் முழுப் படத்தையும் அவருடைய இசையோடு பார்க்கும் வசதி உண்டு. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டு எது பொருந்துகிறது என்று நீங்களே எழுதுங்கள்.